இரைச்சலில் ஒளிந்திருந்த ஊர்

நண்பர் ஒருவர் வீட்டுப் பரணைக் காலி செய்தபோது கிடைத்த காஸெட் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. அறுபது நிமிட நாடா. உறையில் நீல மையால் ‘ராம்நாட் கிருஷ்ணன் – பேகடா, சஹானா’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த ஊர், எந்த வருஷம், பக்கவாத்தியம் யார் என்ற விவரமெல்லாம் கிடையாது. போட்டுக் கேட்டேன். அவ்வளவு அமைதியான கச்சேரிப் பதிவை அதற்கு முன் நான் கேட்டதில்லை. இருமல் இல்லை, ‘ச்சு ச்சு’ இல்லை, ஆட்டோ ஹாரன் இல்லை, காக்கை இல்லை. ஆலாபனையில் இரண்டு பிடிகளுக்கு நடுவே தம்பூரா மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது. கடைசியில் வரும் கைதட்டல் மட்டும் இல்லையென்றால், அறையில் தனக்குத்தானே பாடிக்கொண்டவர் என்றுதான் நினைத்திருப்பேன். இது மதராஸ் இல்லை, அமெரிக்கா என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

அப்படி முடிவு கட்டியதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கிருஷ்ணன் 1960களின் நடுவில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற சிறிய ஊரில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பாடமும் சொன்னார், கச்சேரியும் செய்தார். நான்சச் நிறுவனம் தன் ‘எக்ஸ்ப்ளோரர்’ வரிசையில் 1968இல் வெளியிட்ட ‘வித்வான்’ இசைத்தட்டு அந்தப் பயணத்தின் விளைவு. பின்னால் ‘கச்சேரி’ என்று இன்னொன்றும் வந்தது. வயலின் வி. தியாகராஜன், மிருதங்கம் டி. ரங்கநாதன், கஞ்சிரா வி. நாகராஜன். கர்நாடக இசை என்ற பேரையே கேட்டிராத பல மேல்நாட்டுக்காரர்கள் முதன்முதலில் கேட்ட குரல் எம்.எஸ். குரலாக இருக்கும், அல்லது இவர் குரலாக இருக்கும். எம்.எஸ். 1966 அக்டோபர் 23இல் ஐ.நா. பொதுச்சபை மண்டபத்தில் பாடினார், அது உலகச் செய்தி. கிருஷ்ணன் பாடியது மாணவர்களுக்கு.

ஊர்ப் பெயரை முன்னால் சுமப்பது நம் வித்வான்களின் வழக்கம். அமெரிக்க ப்ளூஸ் பாடகர்களுக்கும் அதே வழக்கம் உண்டு: மிசிசிப்பி ஜான் ஹர்ட், மெம்பிஸ் மின்னி, மெம்பிஸ் ஸ்லிம். கிருஷ்ணன் 1918இல் பிறந்தது ஆலப்புழையில். ஆனால் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது வளர்ந்த ஊரான ராமநாதபுரம். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் சி.எஸ். சங்கரசிவம், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் சீடர், பின்னாளில் மதுரை டி.என். சேஷகோபாலனுக்கும் குரு. சங்கரசிவத்தின் சகோதரர்தான் மிருதங்கம் சி.எஸ். முருகபூபதி. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு முருகபூபதியின் தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இசையில் ‘தொப்பி’ என்றால் மிருதங்கத்தின் இடந்தலை என்று மற்றவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

வறண்ட சீமை என்று பேர் வாங்கிய இடத்தில் இத்தனை சங்கீதம் எப்படி விளைந்தது என்றால், அரண்மனை. சேதுபதிகளின் நவராத்திரி பேர்போனது. பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919) ராமநாதபுரம் சமஸ்தானத்து வித்வான். அவருடைய சீடர்தான் இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை வகுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். பூச்சி ஐயங்காரின் குரு பட்டணம் சுப்பிரமணிய ஐயர். பேகடாவில் அவருக்கிருந்த பிடிப்பைப் பார்த்து ‘பேகடா சுப்பிரமணிய ஐயர்’ என்றே ஊர் அழைத்தது. கிருஷ்ணனின் பேகடாவும் அந்த வழியில் வந்தது என்று ஆசையாக ஒரு கோடு போடலாம். போடமாட்டேன். அவர் பாட்டில் வீணை தனம்மாள் குடும்பத்தின் வாசனைதான் எனக்கு அதிகம் அடிக்கிறது. அரண்மனைக் கதைக்குத் திரும்பினால், 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே சபாக்களும் வானொலியும் மதராஸுக்கு ஆளை இழுக்கத் தொடங்கிவிட்டன. ராமநாதபுரம் என்பது வித்வானின் இனிஷியலாகச் சுருங்கியது.

இந்தக் கடற்கரைக்குக் கடல்தாண்டும் குரல்கள் புதிதல்ல. பாஸ்கர சேதுபதி சிகாகோவுக்குப் போகத் தூண்டிய துறவி விவேகானந்தர், 1893இல் போய், 1897 ஜனவரி 26 அன்று கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாகப் பாம்பன் கரையில் வந்து இறங்கினார். அதே 1893 சிகாகோ கண்காட்சியில் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் என்பவர் ஜாவா, சமோவா, துருக்கி இசையையெல்லாம் நூற்றுக்கு மேற்பட்ட மெழுகு உருளைகளில் பதிந்துகொண்டிருந்தார். விவேகானந்தரை யாரும் பதியவில்லை. அவர் குரல் என்று செல்போனில் சுற்றுவது அவருடையதல்ல. ஆனால் பாம்பனில் இறங்கிய கூட்டத்தில் பதிவாளர் ஒருவர் இருந்தார்: குட்வின் என்ற இங்கிலாந்துக்காரர், சுருக்கெழுத்தாளர். கொழும்பு தொடங்கி சுவாமி பேசப் பேசப் பென்சிலால் பிடித்தார். இந்தக் கரையில் நடந்த முதல் ‘நேரலைப் பதிவு’ அதுதான் என்பேன். சொல் கிடைத்தது, தொனி போய்விட்டது.

1914இல் பாம்பன் பாலம் வந்ததும் போட்மெயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கே கப்பலேறினால் தலைமன்னார். நாகஸ்வரக்காரர்களும் தவில்காரர்களும் நாடகக் கம்பெனிகளும் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களுக்குப் போனது இந்த வழியாக. வந்ததும் இந்த வழியாகத்தான். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில் தஞ்சாவூர்க்காரர்களையே வாயடைக்க வைத்தது. அந்தப் போக்குவரத்தின் ஒலி பெரும்பாலும் பதிவாகாமலே போனது. பதிவானதும், ரசிகர்கள் தோளில் சுமந்து போன ரெக்கார்டரில் பதிந்த ஸ்பூல்தான். 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை ரயில் நிலையத்தோடு கொண்டுபோயிற்று.

அதே 1964, மே மாதம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றைத் தொலைக்காட்சிக்காரர்கள் மேடையாக்கினார்கள். ஒரு நடைமேடையில் கூட்டம், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எதிர் நடைமேடையில் மடி வாட்டர்ஸும் சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பும். மழை பெய்திருந்தது, தார்ப் மழையைப் பற்றிய பாட்டையே எடுத்துப் பாடினார். பருத்திக் காட்டிலும் சிகாகோ மதுக்கடையிலும் வளர்ந்த பாட்டு, ஈரக் கோட்டு போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நடுவே ஒலிப்பதை இன்றும் பார்க்கலாம். 1962 முதல் லிப்மன், ராவ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் ‘அமெரிக்க நாட்டுப்புற ப்ளூஸ் விழா’ என்று ஒரு குழுவை ஐரோப்பா முழுக்க அழைத்துப் போனார்கள். வருஷா வருஷம் அதை இசைத்தட்டாகவும் போட்டார்கள். சொந்த நாட்டில் இந்தக் கலைஞர்களை இந்த அளவுக்குக் கவனமாகப் பதிந்தவர்கள் குறைவு.

அந்தக் கவனத்துக்கு ஒரு விலை இருந்தது. பிக் பில் ப்ரூன்ஸி சிகாகோவில் வாத்தியக் குழுவோடு நாகரிகமாகப் பாடியவர். ஐரோப்பாவில் அவர்கள் கேட்டது வயல்காட்டுப் பாடகரை. அவரும் தனி கிட்டாரோடு அப்படியே உட்கார்ந்து கொடுத்தார். மடி வாட்டர்ஸ் 1958இல் மின்கிட்டாரோடு இங்கிலாந்து போனபோது சத்தம் அதிகம் என்று முகம் சுளித்தார்கள். அடுத்த முறை அவர் சாதாரண கிட்டாரோடு போனார். அதற்குள் அங்கத்திய பையன்கள் மின்கிட்டாருக்கு மாறிவிட்டார்கள். ஆக, வெளிநாட்டுப் பதிவு என்பது பாடகரின் படம் மட்டுமல்ல, அழைத்தவரின் ஆசையின் படமும்தான்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ப்ளூஸ்காரர் பலநேரம் ஒற்றை ஆளாகப் போவார், போன ஊரில் கிடைத்த பையன்கள் உடன் வாசிப்பார்கள். 1963 டிசம்பரில் சானி பாய் வில்லியம்சன் லண்டன் பக்கம் யார்ட்பேர்ட்ஸ் என்ற இளைஞர் குழுவோடு வாசித்த பதிவு இருக்கிறது. கேட்டால் தெரியும், கிழவர் தன் இஷ்டத்துக்கு இழுத்து நிறுத்துகிறார், பையன்கள் தயங்கித் தயங்கிப் பின்னால் வருகிறார்கள். வழி தெரியாத ஊரில் விருந்தாளியை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் போல.

கிருஷ்ணன் விஷயத்தில் இது தலைகீழ். கர்நாடகப் பாடகர் தனி ஆளாகப் போய் ஒன்றும் செய்ய முடியாது. தம்பூரா வேண்டும், வயலின் வேண்டும், மிருதங்கம் வேண்டும். அதற்கான ஆட்கள் மிடில்டவுனில் கூடியதற்குப் பின்னால் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்கர் இருக்கிறார். 1950களில் மதராஸ் வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றவர், பிறகு வெஸ்லியனில் இசைப் படிப்பைத் தொடங்கினார். ‘உலக இசை’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ரங்கநாதன் 1963இல் வெஸ்லியனுக்குக் கற்பிக்கப் போனார். ரங்கநாதனும் புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் பாலசரஸ்வதியின் தம்பிகள், தனம்மாளின் பேரர்கள். தியாகராஜனும் நாகராஜனும் பாப்பா வெங்கடராமய்யாவின் பிள்ளைகள். யார் யாருக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மயிலாப்பூரை அப்படியே பெயர்த்துக் குளிர் நாட்டில் வைத்தது போன்ற ஏற்பாடு, சபா காண்டீன் மட்டும் இல்லை. அதற்கும் பிரவுன் வழி செய்தார். அவர் வீட்டுக் கச்சேரிகளுக்கு ‘கறிக் கச்சேரி’ என்றே பெயர். மாணவர்கள் சோறும் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த மாணவர்களுக்கு இன்ன பாட்டுப் பாடு என்று சீட்டு அனுப்பத் தெரியாது. துக்கடா எப்போது வரும் என்று கடிகாரம் பார்க்கத் தெரியாது. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகத் தெரியாது. கிருஷ்ணனின் குரல் பெரிய குரல் அல்ல. மண்டபத்தை நிரப்பும் கார்வைக்காரர் அல்ல அவர். விளம்பகாலத்தில், மெல்லிய இழையில், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியையே பாட்டாக்கியவர். வித்வான்கள் கேட்க வரும் வித்வான். சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் தரவில்லை. அப்படிப்பட்டவருக்கு அமைதியான சிறு அறையும் நல்ல மைக்கும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நீண்ட இசைத்தட்டும் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும்? மூன்று நிமிடத் தட்டுக் காலத்தில் ஆலாபனை என்பது வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் முடிந்துவிடும். ‘வித்வானி’ல் உள்ளே போய் உட்கார இடம் இருந்தது. என் கட்சி இதுதான்: கிருஷ்ணனின் சங்கீதத்துக்கு ஏற்ற சபை அவருக்கு வாய்த்தது அந்நிய மண்ணில்தான், அதனால்தான் அந்தப் பதிவுகள் அப்படி இருக்கின்றன. காஸெட்டை அமெரிக்கா என்று நான் நம்பியதும் இதனால்தான்.

பேகடாவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அது சங்கராபரண மேளத்தின் ஜன்யம். ஏட்டின்படி அதற்கு வர வேண்டியது காகலி நிஷாதம். ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்திப் பாருங்கள், பேகடா வராது. பேகடாவின் நிஷாதம் கொஞ்சம் தாழ்ந்து, காகலியும் அல்லாமல் கைசிகியும் அல்லாமல் ஊசலாடும். மத்திமமோ தன் இடத்தைவிடக் கொஞ்சம் ஏறி நிற்கும். காஸெட்டில் கிருஷ்ணன் தைவதத்திலிருந்து எழும்பி அந்த நிஷாதத்தைத் தொட்டு, நிற்காமல், மேல் ஷட்ஜத்தின் நிழலில் சாய்ந்து, திரும்பிப் பஞ்சமத்துக்கு வழுக்கி இறங்குகிறார். வயலின் ஒரு நொடி கழித்து அதையே எட்டிப் பிடிக்கிறது. மூன்று வினாடி கூட இருக்காது.

ப்ளூஸிலும் காந்தாரமும் நிஷாதமும் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதில்லை. கிட்டார்க்காரர் தந்தியை விரலால் தள்ளி வளைப்பார், அல்லது விரலில் பாட்டில் கழுத்தை மாட்டிக்கொண்டு தந்திமேல் சறுக்குவார். பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே இருக்கும் சுரத்துக்காகத்தான் அந்தப் பாடெல்லாம். உடனே இரண்டும் ஒன்று என்று தாவிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பாது. ப்ளூஸில் வளையும் சுரம் கீழே ஓடும் கிட்டாரின் ஒத்தோடு உரசும்போதுதான் உயிர் பெறுகிறது. பேகடாவின் நிஷாதத்துக்கு உரச எதிராளி கிடையாது, தம்பூரா மட்டுமே. அது முன்னால் வந்த சுரத்துக்கும் பின்னால் வரப்போகும் சுரத்துக்கும் பதில் சொல்கிறது. ஆனால் பதிவு செய்கிறவருக்கு இரண்டும் ஒரே தலைவலி: எழுத்தில் வராது, சுரக்குறிப்பில் வராது. நாடாவில் மட்டும்தான் ஊர்விட்டு ஊர் போகும்.

போகும் வழியில் நாடா பொய்யும் சொல்லும். அக்கால ரெக்கார்டர்கள் பலவற்றில் மோட்டார் ஓடும் வேகத்தை முடிவு செய்வது வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண். அமெரிக்காவில் வினாடிக்கு 60 சுற்று, நம் ஊரில் 50. அங்கே வாங்கிய பெட்டியைக் கொண்டுவந்து, வோல்டேஜுக்கு டிரான்ஸ்பார்மர் மாட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பார்கள். வோல்டேஜ் சரியாகும், வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஒரு கட்டையில் பாடியவர் மூன்று சுரஸ்தானம் கீழே இறங்கி, ஏதோ பாதாளத்திலிருந்து பாடுவார். பிறகு ஸ்பூலிலிருந்து காஸெட், காஸெட்டிலிருந்து காஸெட். ஒவ்வொரு தடவையும் பாட்டு கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். அப்படி ஏறிய பிரதிகளைக் கேட்டு ‘அந்தக் காலத்தில் எவ்வளவு விறுவிறுப்பு’ என்று மெச்சியவர்களில் நானும் ஒருவன்.

கிருஷ்ணன் 1973 ஜனவரியில் காலமானார், ஐம்பத்துநாலு வயது. தம்பி ராகவன் மிருதங்கத்தோடு வெஸ்லியனுக்குப் போய் அந்த நாட்டிலேயே இருந்துவிட்டார். பாரிஸில் தங்கிவிட்ட மெம்பிஸ் ஸ்லிம் போல ‘ராம்நாட்’ என்ற பேரும் அவரோடு அங்கே குடியேறியது. 1978இல் கிளீவ்லாந்தில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தியாகராஜ ஆராதனை தொடங்கியபோது அதற்கு மூலகாரணமாக இருந்தவர்களில் ராகவன் முக்கியமானவர். இன்று அது இந்தியாவுக்கு வெளியே நடக்கும் பெரிய கர்நாடக இசை விழா.

1977இல் வாயேஜர் விண்கலத்தில் ஏற்றிய தங்கத் தட்டில் பிரவுனின் கை இருந்தது. ஜாவா கேமலான் இசை அவர் பதிந்தது. கேசர்பாய் கேர்க்கரின் பாட்டைச் சேர்க்கச் சொன்னவரும் அவர்தான். அதே தட்டில் பிளைண்ட் வில்லி ஜான்சன் கிட்டாரில் சறுக்கிக்கொண்டு, வார்த்தையில்லாமல் முனகுகிறார். கர்நாடக இசை ஒரு வரிகூட இல்லை. பிரவுனை இதற்காக மன்னிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

காஸெட்டுக்கு வருகிறேன். ஒலிப்பதிவு வேலையில் இருக்கும் இன்னொரு நண்பர் அதைக் கணினியில் ஏற்றி, குரலுக்கு அடியில் இருக்கும் இரைச்சலைப் பிரித்துக் காட்டினார். மின்சாரத்தில் ஓடும் எந்தப் பதிவுப் பெட்டியும் தன் ஊர் மின்சாரத்தின் ரீங்காரத்தை லேசாக நாடாவில் விட்டுவிடும். எங்கள் காஸெட்டில் இரண்டு ரீங்காரம் இருந்தது. ஒன்று 50, பிரதியெடுத்த வீட்டினுடையது. அதற்கு அடியில், இன்னும் மங்கலாக, 53. மூலப் பதிவினுடையது. 53 என்று எந்த நாட்டிலும் மின்சாரம் கிடையாது. ஒன்று, 60 மெதுவாக ஓடி 53 ஆகியிருக்க வேண்டும். அல்லது 50 வேகமாக ஓடி 53 ஆகியிருக்க வேண்டும்.

காஸெட்டில் கேட்ட சுருதி இரண்டு கட்டை. 60தான் மூலம் என்றால், உண்மையில் பாடியது மூன்று கட்டைக்குப் போகிறது. கிட்டப்பா காலத்து நாடக மேடையில் அது நடக்கும். கச்சேரி மேடையில், நாற்பதைத் தாண்டிய குரலில், விளம்பகால பேகடாவில் நடக்காது. 50 என்றால் ஒன்றரைக் கட்டை. வித்வான்கள் வழக்கமாக உட்காரும் இடம்.

“மதராஸ்தான் சார், இல்லாட்டி நம்ம பக்கம் எங்கயோ” என்றார் நண்பர். வேகத்தை அரைக்கட்டை இறக்கி மறுபடி ஓட்டினார். குரல் கொஞ்சம் கனத்து, கொஞ்சம் வயதேறி வந்தது. அந்த நிஷாதம் இன்னும் சாவகாசமாகச் சாய்ந்தது. சபை முன்பு போலவே மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது. இருமல் இல்லை, சீட்டு இல்லை, எழுந்து போகும் செருப்புச் சத்தம் இல்லை.